நான்கு லைட், ஒரு முற்றம்: உருவப்பட வேலையில் பிளாஷ் தவறிய ஒரு நாள் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

எங்கள் ஸ்டுடியோ பாளையங்கோட்டையில் இருக்கிறது. போன தை மாதம் அம்பாசமுத்திரத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய அப்பாவுக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகம் வைத்திருந்தார்கள். விசேஷத்தைப் படம் எடுக்க வேறு ஆள் பேசியாகிவிட்டது. எங்களிடம் கேட்டது முந்தின நாள் வீட்டிலேயே வைத்து எடுக்கும் உருவப்படங்கள். தாத்தாவும் ஆச்சியும் சேர்ந்து ஒன்று, தனித்தனியாக ஒன்று, தாத்தாவும் அவருடைய தங்கையும் ஒன்று, அப்புறம் மகன், மகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக.

அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் தாத்தாவின் அண்ணன் தவறியபோது சட்டம் போட்டு மாட்ட ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. ரேஷன் கார்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டார்கள். இந்த மாதிரி வேலை எங்கள் கடைக்கும் அடிக்கடி வரும். அடையாள அட்டையில் இருக்கும் படம், கல்யாணக் கூட்டத்தில் எட்டிப் பார்க்கும் முகம், இதை எல்லாம் வெட்டி ஒட்டிச் சரி செய்யும்போது, இருந்த காலத்தில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்திருக்கக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அதனால் இந்த வேலையை ஆசையாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

முன்கூட்டிப் போய் வீட்டைப் பார்க்கவில்லை. மகன் செல்போனில் அனுப்பிய வீடியோவை மட்டும் பார்த்தேன். நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், தேக்குத் தூண்கள். வீடியோ சாயங்காலம் எடுத்தது. இது பின்னால் முக்கியமாகிறது.

இதை எழுத அந்த வீட்டாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள்.

கொண்டு போன லைட்டுகள்

நான்கு. கீ லைட், அதாவது முகத்துக்கு முதன்மை வெளிச்சம் தருவது, 400 வாட்-செகண்ட் (பிளாஷின் பலத்தைச் சொல்லும் அளவு), புதியது, ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. வெளிச்சத்தை மென்மையாக்கும் பெரிய எண்கோணத் துணிக்கூடு (சாஃப்ட்பாக்ஸ்) போட்டது. முகத்தின் நிழல் பக்கத்தை நிரப்பும் ஃபில் லைட் 300, குடையோடு. பின்னாலிருந்து தலைமுடிக்கு வெளிச்சம் தரும் ஹேர் லைட் 200. இந்த இரண்டும் பழையவை. ரேடியோ கிடையாது, வேறொரு பிளாஷ் வெட்டுவதைப் பார்த்துத் தானும் வெட்டும் ஸ்லேவ் கண் உண்டு, வெட்டச் சொல்லும் சமிக்ஞையைக் கொண்டுவரும் சிங்க் கேபிள் சொருகும் துளையும் உண்டு. நான்காவது, பின்னணித் துணிக்காக பென்சில் பேட்டரியில் ஓடும் சிறிய பிளாஷ். அதையும் ஸ்லேவில் வைத்திருந்தோம்.

அதாவது, கேமராவின் மேல் இருக்கும் ட்ரிகர் ரேடியோவில் கீ லைட்டுக்குச் சொல்லும். கீ லைட் வெட்டியதும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து மற்ற மூன்றும் வெட்டும். எங்கள் ஸ்டுடியோவில் பல வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒருநாளும் தவறியதில்லை. ஏன் தவறவில்லை என்று நான் யோசித்ததும் இல்லை. வெள்ளைச் சுவர், தாழ்ந்த வெள்ளைக் கூரை, ஜன்னல் கிடையாது. எந்த மூலையில் பிளாஷ் வெட்டினாலும் வெளிச்சம் நாலு சுவரிலும் அடித்துத் திரும்பி எல்லாக் கண்ணுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அந்த அறை செய்த வேலையை நான் லைட்டின் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையில் இரண்டு தனி ரேடியோ ரிசீவர்களும் அவற்றின் கேபிள்களும் இருந்தன. கீ லைட்டோடு சேர்த்து வாங்கியவை, அதுவரை தேவைப்படவில்லை.

அன்று காலை

சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாக எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நானும் உதவிக்கு ஒரு தம்பியும். வடக்குத் தாழ்வாரம் நீளமாக இருந்தது, அங்கே வைத்துக்கொண்டோம். மேற்குக் கோடியில் கரும்பழுப்புத் துணி, அதற்கு முன்னால் நாற்காலி, கிழக்கே கேமரா. சுவர்ப் பக்கம் கீ லைட். முற்றத்துப் பக்கம் ஃபில். இடம் போதாமல் அதன் ஸ்டாண்டில் ஒரு காலை முற்றத்துப் படியில் இறக்கி வைத்தோம். ஹேர் லைட் ஒரு தூணுக்குப் பின்னால். சின்ன பிளாஷ் நாற்காலிக்குப் பின்னால், தரையில்.

9.45-க்குத் தம்பியை உட்காரவைத்துச் சோதித்தோம். கேமராவின் உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/200 நொடி. நான்கும் அடித்தன. ஆறேழு படம் பார்த்துவிட்டுச் சரி என்று நிறுத்தினேன்.

10.20-க்குத் தாத்தாவும் ஆச்சியும் வந்து உட்கார்ந்தார்கள். ஆச்சி கண்டாங்கிச் சேலை, தாத்தா பட்டுக்கரை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. முதல் மூன்று படம் நன்றாக வந்தது. நாலாவதில் ஆச்சியின் முகத்தில் பாதி இருண்டிருந்தது: ஃபில் அடிக்கவில்லை. அடுத்தது சரி. அதற்கடுத்ததில் பின்னணி இருட்டு. முதல் 12 படங்களில் ஐந்தில் ஏதாவது ஒரு லைட் இல்லை, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு லைட்.

தாத்தாதான் முதலில் கேட்டார். "ஏய்யா, ஒண்ணு அடிக்கு, ஒண்ணு அடிக்கல. என்ன விஷயம்?"

"இந்தா சரி பண்ணிருதேன் ஐயா" என்றேன். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆச்சி சேலை முந்தியால் துடைத்துவிட்டார்கள்.

முதலில் எடுத்த தவறான முடிவுகள்

ட்ரிகரில் பேட்டரி போயிருக்கும் என்று முடிவு செய்து புதிது போட்டேன். அப்புறமும் தவறியது. ரேடியோ சேனலை மாற்றினேன். தவறியது. கீ லைட்டின் பவரை ஏற்றினேன், மற்றவற்றின் கண்ணுக்கு இன்னும் பலமாகத் தெரியட்டும் என்று. அதனால் படத்தில் வெளிச்சம் அதிகமாகி, லென்ஸ் துளையைச் சுருக்கி, மற்ற மூன்றையும் மறுபடி அளவுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தவறுவது கொஞ்சமும் குறையவில்லை.

இதற்கு இருபது நிமிஷம் போயிற்று. அந்த இருபது நிமிஷமும் பெரியவர்கள் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போய் இருங்கள் என்று சொன்னால் வேலை கெட்டுவிட்டது என்று ஆகிவிடுமோ என்ற கூச்சத்தில் நான் சொல்லவில்லை. அன்றைக்குச் செய்ததிலேயே பெரிய தவறு அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பேட்டரியை மாற்றுமுன் கவனித்திருக்க வேண்டிய ஒன்று கண்முன்னாலேயே இருந்தது. அத்தனை படத்திலும் கீ லைட் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ட்ரிகர் பேசுவது கீ லைட்டோடு மட்டும். அது ஒழுங்காக அடிக்கிறது என்றால் ட்ரிகர், பேட்டரி, சேனல் மூன்றின் மேலும் குற்றம் இல்லை. தவறியவை எல்லாம் கண்ணால் பார்த்து அடிப்பவை. தேட வேண்டிய இடம் அங்கே.

காரணம் பிடிபட்டது

10.55-க்குத் தம்பி வந்து காதருகே சொன்னான்: "அண்ணாச்சி, நீங்க அமுக்கல. ஆனா பின்னாடி உள்ள லைட் அடிச்சுது."

திரும்பிப் பார்த்தேன். எதிர்த் தாழ்வாரத்தில் அந்த வீட்டு மாப்பிள்ளை, மகளின் கணவர், புதுக் கேமராவோடு நின்று மாமனார் மாமியாரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேமராவின் மேல் பிளாஷ். அவர் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் எங்கள் ஸ்லேவ்கள் சேர்ந்து வெட்டின. தானாக அளவு பார்க்கும் முறையில் இருக்கும் பிளாஷ், படம் பதிவதற்குச் சற்று முன் அளவு பார்க்க ஒரு சின்ன வெட்டு வெட்டும். எங்கள் லைட்டுகள் அந்த முன்வெட்டுக்கே அடித்துத் தீர்ந்துவிடும். அவர் படத்திலும் எங்கள் வெளிச்சம் இருக்காது; அடுத்த நொடி நான் அமுக்கினால் மறுபடி சார்ஜ் ஏறாத லைட் எனக்கும் அடிக்காது.

இது பாதிதான் விளக்கியது. ஒரு ஸ்டுடியோ லைட் மறுபடி தயாராக ஒன்றிரண்டு நொடிதான் ஆகும். அவர் அவ்வளவு அடிக்கடி எடுக்கவும் இல்லை. அப்போதுதான் லைட்டின் சத்தத்தைக் கவனித்தேன். தயாரானதும் பீப் என்று ஒரு ஒலி வரும். அது வர நாலு நொடிக்கு மேல் ஆனது. அடுக்களையில் மறுநாளைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தார்கள், கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் ஜங்ஷன் பாக்ஸை அடுக்களைச் சுவரில் இருந்த பிளக்கில் சொருகியிருந்தோம், அதுவும் இருபது மீட்டர் மெல்லிய ஒயரில். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 196 வோல்ட். கிரைண்டரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தால் 224. வோல்டேஜ் இறங்கினால், லைட்டுக்குள் சார்ஜைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர் நிரம்ப நேரமாகும். அந்த நேரத்துக்குள் மாப்பிள்ளையின் பிளாஷ் வெட்டிவிட்டால் எங்கள் கணக்கு தப்பும்.

ஃபில் லைட் கதை வேறு. கிரைண்டர் நின்று, மாப்பிள்ளையும் ஓய்ந்த பிறகும் அது தவறியது. போய்ப் பார்த்தேன். முற்றத்துப் பக்கம் திரும்பியிருந்த அதன் ஸ்லேவ் கண்ணில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கண்ணுக்கு மேல் உள்ளங்கையை வைத்து நிழல் கட்டினேன், அடித்தது. கையை எடுத்தேன், அடிக்கவில்லை. ஸ்லேவ் கண், திடீரென்று ஏறும் வெளிச்சத்தைத் தேடுகிறது. ஏற்கெனவே வெயில் நிரம்பியிருக்கும் கண்ணுக்கு அந்த ஏற்றம் தெரிவதில்லை.

தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. நம் ஊரில் அப்போது உச்சிவேளையில்கூட அது தலைக்கு நேரே வராது, தெற்கு வானத்தில்தான் நிற்கும். அதனால் முற்றம் வைத்த வீட்டில் வடக்குத் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு வெயில் ஏறும். 9.45-க்கு நாங்கள் சோதித்தபோது அந்த இடம் நிழல். சாயங்கால வீடியோவில் முழு வீடும் நிழல்.

ஹேர் லைட்டுக்கு இன்னொரு குறையும் இருந்தது. தூண் மறைத்ததால் கீ லைட்டை அது நேராகப் பார்க்கவில்லை. ஸ்டுடியோவில் சுவர் திருப்பி அனுப்பும் வெளிச்சம், இங்கே கறுத்த மரத்திலும் திறந்த வானத்திலும் போய்விட்டது.

மாற்றிய ஏற்பாடு, ஏன்

பெரியவர்கள் இருவரையும் எழுந்துபோய்ச் சாய்ந்திருக்கச் சொன்னேன். ஆச்சி காப்பி கொடுத்தனுப்பினார்கள். தம்பியை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

மாப்பிள்ளையிடம் "படம் எடுக்காதீங்க" என்று சொல்வது ஒரு வழி. சொல்லவில்லை. அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை, வெளியாள் ஒருவன் சொல்லி அவர் கேமராவை உறையில் போட்டால் அந்த நாளே கசந்துபோகும். அதோடு, தன் மாமனாரைப் படம் எடுக்க அவருக்கு என்னைவிட உரிமை அதிகம். யாருடைய பிளாஷுக்கும் எங்கள் லைட் அசையாதபடி செய்வதுதான் எங்கள் வேலை.

எனவே ஸ்லேவை முழுவதும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் ரேடியோவுக்கு மாற்ற முடிவு செய்தேன். ரேடியோவுக்கு வெயில் கிடையாது, தூண் ஒரு பொருட்டில்லை, பக்கத்துக் கேமராவின் பிளாஷ் தெரியாது. ரிசீவர் இரண்டுதான், லைட் மூன்று. எதை விடுவது? பின்னணி லைட்டையும் ஹேர் லைட்டையும் வைத்துக்கொண்டு ஃபில்லை விட்டேன். பின்னாலிருந்து வர வேண்டிய வெளிச்சத்துக்கு மாற்று கிடையாது. முன்னால் நிழலை நிரப்ப ஒரு வெள்ளைத் துணி போதும். மகன் பீரோவிலிருந்து எட்டு முழ வேட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தார். அதை இரண்டு ஸ்டாண்டுக்கு நடுவே கட்டி, முகத்துக்கு இரண்டரை அடி தள்ளி நிறுத்தினோம். நிழல் பக்கம் கீ லைட் பக்கத்தைவிட ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) மட்டுமே குறைவாக வந்தது. ஃபில் லைட்டைவிட எனக்கு அந்த வேட்டி வெளிச்சம்தான் பிடித்தது, தோலில் மெதுவாக ஏறியது. வேட்டிக்கு நீலம் போட்டிருந்ததால் நிழலில் லேசான நீலச் சாயல் இருந்தது. சாம்பல் அட்டை வைத்து ஒரு படம் எடுத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சாயலை, சரி செய்தேன்.

ரிசீவரைச் சொருகியதும் வேலை முடிந்துவிடவில்லை. ஹேர் லைட்டில் கேபிள் போட்ட பிறகும் ஸ்லேவ் கண் விழித்தே இருந்தது. சில லைட்டுகளில் கேபிள் சொருகினால் கண் தானாக அணையும், சிலவற்றில் சுவிட்சை அணைக்க வேண்டும். அதை அணைத்தோம். மாப்பிள்ளையையே கூப்பிட்டு நாலு தடவை பிளாஷ் அடிக்கச் சொல்லிப் பார்த்தோம். அவரும் ஆர்வமாக வந்தார். எங்கள் லைட் ஒன்றுகூட அசையவில்லை.

பழைய லைட்டில் கேபிள் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அதன் சிங்க் முனையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று முதலில் மீட்டரில் பாருங்கள். அந்தக் கால பிளாஷ்கள் சிலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும், அது ரிசீவரையோ கேமராவையோ பொசுக்கிவிடும். எங்கள் ஹேர் லைட்டைக் கடையிலேயே அளந்து வைத்திருந்தேன், 6 வோல்ட்டுக்குள்தான். அதனால் துணிந்து சொருகினேன்.

அடுத்து ஒரு புது வம்பு. நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் பின்னணியின் ஒரு பக்கம் கறுப்பாக ஒரு பட்டை. எங்கள் கேமராவின் சிங்க் வேகம், அதாவது பிளாஷோடு சேர்த்து எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம், 1/200. கீ லைட்டுக்கு அது சரியாக இருந்தது. தனி ரிசீவர் சமிக்ஞையை வாங்கிக் கடத்த இன்னும் ஒரு துளி நேரம் எடுக்கிறது, அதற்குள் ஷட்டரின் இரண்டாம் திரை மூட ஆரம்பித்துவிடுகிறது. 1/125-க்கு இறக்கியதும் பட்டை போய்விட்டது. முற்றத்து வெளிச்சம் படத்தில் கலக்குமோ என்று பயந்து, லைட்டை எல்லாம் அணைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட முழு இருட்டு. பயப்பட ஒன்றுமில்லை.

கரண்டுக்கு, முன்கட்டில் தனி லைனில் இருந்த பிளக்கிலிருந்து கனமான ஒயர் இழுத்தோம். ஐஎஸ்ஓவை 200 ஆக்கி லைட்டுகளைப் பாதிப் பவருக்கு இறக்கினேன், பீப் சீக்கிரம் வரட்டும் என்று. கிரைண்டர் மறுபடி ஓடியது. இரண்டு நொடிக்குள் பீப் வந்தது.

கடைசியாக, ஒவ்வொரு லைட்டையும் தனியாக எரியவிட்டு ஒரு படம், பிறகு எல்லாம் சேர்ந்து இருபது படம், மூன்று நொடிக்கு ஒன்றாக. இருபதிலும் எல்லா லைட்டும் இருந்தன. மணி 11.50.

விளைவு

தாத்தாவும் ஆச்சியும் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷத்தில் அவர்கள் படம் முடிந்தது. குடும்பப் படங்கள் இரண்டரை மணிவரை போயின. இடையில் ஒரே ஒரு தடவை சின்ன பிளாஷ் தானாகத் தூங்கிப்போனது. மெனுவில் அந்த வசதியை அணைத்தோம். வேறு தவறு இல்லை.

ஆனால் ஒரு படம் போய்விட்டது. தாத்தாவின் தங்கைக்குச் சர்க்கரை உண்டு, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். காலை பத்து மணியிலிருந்தே அலங்கரித்துக்கொண்டு திண்ணையில் காத்திருந்தார்கள். நாங்கள் தயாராகும்போது களைத்து, சாப்பிட்டு, படுத்துவிட்டார்கள். இரண்டு மணிக்கு எழுப்பி அழைத்து வந்தபோது முகத்தில் காலையில் இருந்த களை இல்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்திருக்கும் படம் எடுத்தோம், லைட்டெல்லாம் ஒழுங்காக அடித்தது, படம் உயிரில்லாமல் இருந்தது. வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை குடியிருக்கும் ஊருக்கே தாத்தா போகிறார் என்று மகன் போன் செய்தார். நான் காசு வாங்காமல் போய் எடுத்தேன். கீ லைட் ஒன்று, அதே வேட்டி. காலை ஒன்பது மணிக்கு, பலகாரம் முடிந்த கையோடு. ஐந்து நிமிஷ வேலை. தங்கை அண்ணனின் தோளில் இருந்த நூலைத் தட்டிவிடும் நொடியில் அந்தப் படம் அமைந்தது.

இப்போது மாற்றியிருப்பவை

மூன்றாவது ரிசீவர் வாங்கியாயிற்று. வெளி வேலைக்கு ஸ்லேவ் கண்ணை நம்பிப் போவதில்லை. ஸ்லேவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மூடிய அறையில், பிளாஷ் அடிக்கும் கேமரா ஒன்றே ஒன்று இருக்கும் இடத்தில், செலவில்லாத நல்ல வழி அது. கடைக்குள் இன்றும் அப்படித்தான் எடுக்கிறோம்.

ஒவ்வொரு லைட்டின் முதுகிலும் வெள்ளை டேப் ஒட்டி, அது எதைக் கேட்டு அடிக்கிறது என்று எழுதியிருக்கிறோம்: ரேடியோ, கேபிள், கண். ஒரு லைட் தவறினால் முதலில் அந்த டேப்பைப் படிக்கிறோம், அதே டேப் உள்ள மற்றது அடிக்கிறதா என்று பார்க்கிறோம். பேட்டரியை மாற்றுவது அதற்கப்புறம்.

எந்த நேரத்தில் படம் எடுக்கப் போகிறோமோ அந்த நேரத்தில் எடுத்த வீடியோவைக் கேட்டு வாங்குகிறோம். முடிந்தால் நேரில் போய்விடுகிறேன். மல்டிமீட்டர் கேமராப் பையிலேயே இருக்கிறது.

வயதானவர்கள் உட்காரும் நாற்காலியில், எல்லா லைட்டும் தொடர்ந்து இருபது தடவை அடிக்கும்வரை தம்பிதான் உட்காருகிறான். நடுவில் ஏதாவது தவறினால் இரண்டாவது தவறிலேயே அவர்களை எழுப்பி உள்ளே அனுப்பிவிடுகிறோம். யாருக்கு மருந்து, யாருக்குச் சாப்பாட்டு நேரம் என்பதை முதல் போனிலேயே கேட்டு, படம் எடுக்கும் வரிசையை அதன்படி எழுதிக்கொள்கிறோம்.